மாதத்துக்குப் பதினாறு மணி நேரம்: கடற்படை ரிசர்வில் முழுநேர வேலை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அமெரிக்கக் கடற்படையின் ஏதாவது ஒரு ரிசர்வ் (துணைப்படை) மையத்துக்குப் போனால் வாசலில் வரிசை நிற்கும். அதில் நர்ஸ் இருப்பார், போலீஸ்காரர் இருப்பார், பள்ளி ஆசிரியர் இருப்பார், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்தவரும் இருப்பார். மாதத்தில் இரண்டு நாள் இவர்கள் மாலுமிகள். மற்ற நாட்களில் அந்தக் கட்டடத்தைத் திறந்து, இவர்களுடைய சம்பளம், உடல்தகுதி, பயண உத்தரவு, போர்க்கால அழைப்பு எல்லாவற்றையும் கவனிப்பவர்கள் வேறு ஒரு பிரிவினர். அவர்களை டார் என்பார்கள். ரிசர்வுக்கான பயிற்சியும் நிர்வாகமும் என்று விரியும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. நடுவில் சில ஆண்டுகள் எஃப்டிஎஸ் (முழுநேர ஆதரவு) என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். 2021-ல் பழைய பெயரே திரும்பி வந்தது.

டார் மாலுமிக்கு இது பகுதிநேர வேலை கிடையாது. மற்ற கடற்படையினரைப் போலவே முழுநேரப் பணி, 1-ம் தேதியும் 15-ம் தேதியும் சம்பளம், வீட்டுப்படி, குடும்பத்துக்கு மருத்துவம், 20 ஆண்டில் ஓய்வூதியம். 1915 மார்ச் 3-ல் தொடங்கிய ரிசர்வில் இன்று மாத டிரிலுக்கு, அதாவது பயிற்சி அமர்வுகளுக்கு, வருபவர்களும் டார் பிரிவினரும் சேர்ந்து 57,000 பேர் அளவில். அதில் டார் பிரிவினர் சுமார் 10,000 பேர்.

இந்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரே கணக்குப் போதும். ஒரு டிரில் குறைந்தது 4 மணி நேரம். நாளுக்கு இரண்டு, வார இறுதிக்கு நான்கு, ஆண்டுக்கு 48. ஆக, ஒரு ரிசர்வ் வீரர் மாதத்துக்கு 16 மணி நேரம்தான் கையில் இருக்கிறார். அதில் மூன்று மணி நேரம் அவர் உங்கள் கவுன்ட்டர் முன்னால் கால்கடுக்க நின்றால், அந்த மாதப் பயிற்சியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நல்ல டார் ஊழியரின் திறமையெல்லாம் அந்த 16 மணி நேரத்தை அலுவலக வேலை தின்றுவிடாமல் காப்பதில்தான் இருக்கிறது.

டிரில் வார இறுதியின் வெற்றி தோல்வி அதற்கு முந்தைய பத்து நாட்களிலேயே முடிவாகிவிடும். முதலில் பட்டியல். யாருக்கு மருத்துவப் பரிசோதனை காலாவதியாகப் போகிறது, யாருக்குப் பல் பரிசோதனை, யாருடைய அடையாள அட்டை மூன்று ஆண்டு முடிந்து செத்துப்போகப் போகிறது என்று ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எடுத்ததை யூனிட் தலைவருக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. யூனிட் தலைவரும் பகுதிநேரக்காரர்; அவருக்கும் வெளியே ஒரு வேலை உண்டு. புதன்கிழமை அனுப்பும் மின்னஞ்சலை அவர் ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பார். பெயர் உள்ளவருக்கே நேராகப் போன் செய்து, “சனிக்கிழமை 9:40-க்கு உங்களுக்கு ரத்தம் எடுக்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம்” என்று சொல்லிவிட்டால் அவர் வந்து நிற்பார். நேரம் குறித்துக் கொடுக்காத வரிசை எப்போதும் நீளும்.

அடுத்தது தங்குமிடம். மையத்திலிருந்து 50 மைலுக்கு அப்பால் வசிப்பவர்களுக்கு ஓட்டல் அறை உண்டு. எண்ணிக்கையை முன்கூட்டியே ஓட்டலுக்குக் கொடுக்க வேண்டும். வருவதாகச் சொல்லி வராமல் போனவரின் அறைக்கும் அரசுப் பணம் போகும். வராதவர் பட்டியலை மாதாமாதம் யூனிட் தலைவரிடம் காட்டினால் இது தானாகக் குறையும்.

வருகைப் பதிவு சின்ன விஷயமாகத் தெரியும். சம்பளத் தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன. ஒரு டிரிலுக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம், அதாவது மாத அடிப்படைச் சம்பளத்தில் 30-ல் ஒரு பங்கு. வார இறுதி முழுவதும் வந்தவருக்கு நான்கு நாள் சம்பளம் வர வேண்டும். தாளில் கையெழுத்து இருந்தும் கணினியில் ஏற்றாமல் விட்டால், கடற்படைக்கு அவர் வரவே இல்லை. வேறு தேதியில் செய்து கொடுக்க அனுமதி வாங்கிய டிரிலைப் பழைய தேதியிலேயே பதிவது இன்னொரு வழக்கமான பிழை. அதைவிடக் கடுமையானது, அனுமதியோடு வராதவரை அனுமதியின்றி வராதவராகக் குறித்துவிடுவது. 12 மாதத்துக்குள் அனுமதியில்லாமல் ஒன்பது டிரில் தவறினால் ஒருவர் சரியாகப் பங்கேற்கவில்லை என்று ஆகிவிடும். ஒரு வார இறுதி என்றாலே நான்கு டிரில். இரண்டு வார இறுதியில் கணக்கு எட்டுக்கு வந்துவிடுகிறது. ஒரு குறியீட்டை மாற்றிப் போட்டதால் ஒருவரின் பணிவாழ்வே ஆடும். அதனால் ஞாயிறு மாலை கதவைப் பூட்டுவதற்கு முன் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் தாளைப் படிக்க மற்றவர் திரையைச் சரிபார்ப்பது கட்டாயம். முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதைத் தவிர்த்தால் திங்களிலிருந்து ஒரு வாரம் போனிலேயே போய்விடும்.

மருத்துவத் தயார்நிலைதான் மையத்தின் மிகக் கனமான வேலை. ஆண்டுதோறும் செய்யும் உடல்நல மதிப்பீட்டில் இரண்டு பாகம். முதலில் வீரர் இணையத்தில் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். பிறகு மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதல் பாகத்தை முடித்ததும் எல்லாம் முடிந்தது என்று நிறைய பேர் விட்டுவிடுவார்கள். மருத்துவப் பதிவேட்டில் மட்டும் சிவப்பு நிறம் மாறாமல் நிற்கும். எச்ஐவி ரத்தப் பரிசோதனைக்கு ஆயுள் 24 மாதம். பல் பரிசோதனையில் நான்கு வகுப்பு: முதல் இரண்டும் பணிக்குப் போகத் தகுதி, மூன்றாவது என்றால் ஓராண்டுக்குள் அவசரச் சிகிச்சை தேவைப்படலாம் என்று பொருள், நான்காவது என்றால் பரிசோதனையே காலாவதி. கப்பலேற வேண்டிய ஆளை நிறுத்தும் காரணங்களில் சொத்தைப் பல்லுக்குத் தனி இடம் உண்டு.

இங்கே உதவும் ஒரு தாள் டிடி 2813. வீரர் தன் சொந்தப் பல் மருத்துவரிடமே காட்டி, அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வந்தால் போதும். மையத்தில் பல் மருத்துவர் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலானோர் வெளியே எப்படியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் போகிறவர்கள்தான். அந்தப் படிவத்தைப் போனிலேயே திறக்கும்படி அனுப்பி, “அடுத்த முறை போகும்போது இதையும் கொண்டுபோங்கள்” என்று சொல்வதால் தீரும் பிரச்சினைகள் நிறைய. திரும்பி வரும் படிவத்தில் தேதி இருக்கிறதா, வகுப்பு எண் வட்டமிடப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது இல்லாத தாள் குப்பைக்குச் சமம்.

டிரில் நாளில் அடிபட்டால் அன்றே எழுதி வைக்க வேண்டும். ரிசர்வ் வீரருக்கு ஆண்டு முழுவதும் இராணுவ மருத்துவம் கிடையாது. பணியின்போது நேர்ந்த காயம் என்று தீர்மானம் ஆனால்தான் செலவை அரசு ஏற்கும். டிரிலுக்கு நேராக வரும் வழியிலும் வீட்டுக்கு நேராகத் திரும்பும் வழியிலும் நடந்த விபத்துக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. கணுக்கால் சுளுக்கியவர் “பரவாயில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். அப்படி அனுப்பிவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அறுவைச் சிகிச்சை என்று வந்து நிற்கும்போது, அன்றைக்கு எழுதாத அரைப்பக்கத்துக்காக அந்தக் குடும்பம் சொந்தப் பணத்தைக் கட்டும்.

மாத டிரில் தவிர ஆண்டுக்கு ஒருமுறை 12 முதல் 14 நாள் வரை முழுநேரப் பயிற்சி உண்டு. இதற்கான உத்தரவை எழுதும்போது நாட்களின் எண்ணிக்கையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். 30 நாளுக்குள் முடியும் உத்தரவு என்றால் வீட்டுப்படி தனி விகிதத்தில்தான் வரும். 31 நாளைத் தொட்டால் ஊர் வாரியான முழு வீட்டுப்படி கிடைக்கும், குடும்பத்துக்கும் முழு மருத்துவக் காப்பு தொடங்கும். கூடவே ஒரு சிக்கலும் வரும்: காசு கட்டி வாங்கிய ரிசர்வ் மருத்துவக் காப்பீடு நின்றுவிடும். பணி முடிந்து திரும்பியதும் அதை மறுபடி வாங்க வேண்டும், தானாகத் திரும்பாது. இதைச் சொல்லாமல் விட்டதால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோன இடத்தில் காப்பீடு இல்லை என்று தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. உத்தரவைக் கையில் கொடுக்கும்போதே வீரரின் துணைவருக்கும் புரியும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. வீட்டில் அந்தக் கணக்குகளைப் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

பணம் அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரையான நிதியாண்டுக் கணக்கில் வருகிறது. கோடை முடியும்போது கையிருப்பு வற்றும். அதனால் ஆண்டுப் பயிற்சி விண்ணப்பத்தைக் குளிர்காலத்திலேயே போடச் சொல்லி நச்சரிப்பது நம் வேலை. செப்டம்பர் கடைசியைத் தாண்டி ஓடும் உத்தரவுகளில் தனிக் கவனம் தேவை. நாடாளுமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றாவிட்டால் அக்டோபர் முதல் வாரத்துக்குப் பணம் இருக்குமா என்பதே கேள்வி. 2013 அக்டோபரில் அரசு 16 நாள் முடங்கியபோது டிரில்கள் தள்ளிப்போயின. அந்த மாதச் சம்பளத்தை நம்பி வாடகை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து, செய்தி வந்த அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

பயணப்படி விண்ணப்பத்தைத் திரும்பி வந்த ஐந்து வேலை நாளுக்குள் போட வேண்டும். தங்குமிட ரசீது எவ்வளவு சிறிய தொகையானாலும் தேவை. மற்ற செலவுக்கு 75 டாலரிலிருந்து. அரசுப் பயண அட்டையின் பாக்கி 60 நாள் தாண்டினால் அட்டை முடங்கும். ரிசர்வ் வீரர் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே தன் அலுவலகத்துக்கு ஓடிவிடுவார். ஆகவே பயணத்தின் கடைசி நாளன்றே, விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ரசீதுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஓய்வூதியப் புள்ளிகள் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இதில் நடக்கும் தவறு பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வரும். டிரிலுக்கு ஒரு புள்ளி, முழுநேரப் பணி நாளுக்கு ஒரு புள்ளி, உறுப்பினராக இருப்பதற்கே ஆண்டுக்கு 15. ஓராண்டில் 50 புள்ளி சேர்ந்தால் அது ‘நல்ல ஆண்டு’. அப்படி 20 ஆண்டு சேர்ந்தால் 60 வயதில் ஓய்வூதியம். 48 டிரிலும் 12 நாள் பயிற்சியும் 15-ம் கூட்டினால் 75. தாராளமாகவே தெரிகிறது. ஆனால் இந்த ஆண்டு நிதியாண்டும் அல்ல, காலண்டர் ஆண்டும் அல்ல. ஒவ்வொருவருக்கும் அவர் சேர்ந்த தேதியிலிருந்து ஓடும் தனி ஆண்டு. பிப்ரவரி 10-ல் ஆண்டு தொடங்கும் ஒருவர் ஒரு பயிற்சியை மார்ச்சிலும் அடுத்ததை ஜனவரியிலும் செய்தால், நிதியாண்டுக் கணக்கில் இரண்டு ஆண்டு, அவருடைய கணக்கில் இரண்டும் ஒரே ஆண்டு. அடுத்த ஆண்டில் பயிற்சி எதுவும் விழாமல், நோயோ வேலை மாற்றமோ வந்து 17 டிரில் தவறினால் 46 புள்ளியில் நின்றுபோகும். நான்கு புள்ளிக்காக ஓர் ஆண்டு வீண்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொருவரின் ஆண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பு புள்ளிக் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். குறைந்தால் கூடுதல் டிரில் கேட்கவோ, இணையப் பாடம் முடித்துப் புள்ளி சேர்க்கவோ அப்போது நேரம் இருக்கும். ஆண்டு முடிந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மையத்துக்குப் புதிதாக வருபவர்களின் பழைய பதிவுகளையும் முதல் மாதமே சரிபார்க்க வேண்டும். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது காணாமல் போகும் புள்ளிகள் அதிகம். பழைய உத்தரவின் நகல் கையில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். வீரர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரே அறிவுரை: கடற்படை தரும் ஒவ்வொரு தாளின் நகலையும் வீட்டில் வைத்திருங்கள்.

இத்தனை பட்டியலும் சரிபார்ப்பும் எதற்கு என்பது அழைப்பு வரும் நாளில் தெரியும். 2020-ல் கோவிட் காரணமாகக் கப்பல் கட்டும் தளங்களில் ஆள் குறைந்தபோது, வெல்டிங், குழாய், மின்சார வேலை தெரிந்த ரிசர்வ் வீரர்கள் 1,600-க்கும் மேற்பட்டோரை நார்ஃபோக், போர்ட்ஸ்மத், பியூஜட் சவுண்ட், பேர்ல் ஹார்பர் ஆகிய நான்கு கடற்படைத் தளங்களுக்காக அழைத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மருத்துவமும் அடையாள அட்டையும் நடப்பில் உள்ளவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். இல்லாதவர் மையத்திலேயே நின்றுவிட, அவருக்குப் பதில் வேறொருவர் குறைந்த அவகாசத்தில் வீட்டைவிட்டுப் போவார். ஒருவருடைய அசட்டைக்கு இன்னொரு குடும்பம் விலை கொடுக்கிறது.

அழைப்பு உத்தரவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதில் எந்தச் சட்டப்பிரிவு எழுதியிருக்கிறது என்பதை. 12302 என்றால் தேசிய நெருக்கடி நிலையின் கீழ் 24 மாதம் வரை. 12304 என்றால் 365 நாள் வரை. 12301(டி) என்றால் வீரர் தானே விரும்பிச் செல்வது. இந்த எண் பல ஆண்டுகள் பின்தொடரும். 1994-ன் வேலை மீட்புச் சட்டப்படி, பணிக்குப் போய்த் திரும்பும் வீரரைப் பழைய முதலாளி மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே முதலாளியிடம் இதற்கு மொத்தம் ஐந்தாண்டு வரம்பு. 12302, 12304 அழைப்புகள் அந்த ஐந்தாண்டில் சேராது. விரும்பிப் போகும் பணி பொதுவாகச் சேரும். அடுத்தடுத்து விரும்பிப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது உட்கார்த்தி வைத்துச் சொல்ல வேண்டும். திரும்பியதும் வேலைக்கு விண்ணப்பிக்கும் அவகாசமும் வேறுபடும்: 31 முதல் 180 நாள் பணி என்றால் 14 நாளுக்குள், அதற்கு மேல் என்றால் 90 நாளுக்குள்.

பிறகு வீட்டு விவரங்கள். அவசரத் தொடர்பு, வாரிசு, ஆயுள் காப்பீட்டில் பெயர். காப்பீட்டுத் தொகை 2023 மார்ச் முதல் 5,00,000 டாலர். விவாகரத்தாகி ஆறு ஆண்டு ஆன பின்னும் முன்னாள் துணைவர் பெயரே அதில் இருப்பது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. குழந்தையைத் தனியாக வளர்ப்பவருக்குப் பராமரிப்புத் திட்டம் எழுத்தில் வேண்டும். அதில் பெயர் கொடுக்கப்பட்ட பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்று விசாரியுங்கள். வங்கிக் கணக்கு எண், உயில், அதிகாரப் பத்திரம். இவை எல்லாவற்றையும் ஆண்டுக்கொரு முறை சாவகாசமாகப் பார்த்து வைத்திருந்தால், அழைப்பு வந்த பின் மிஞ்சும் நாட்களை அவர் குடும்பத்தோடு கழிக்கலாம்.

ரிசர்வ் மையங்கள் நாடு முழுவதும் பரவியிருக்கின்றன. டென்வர், பாய்சி, டே மாயின் போன்ற கடலே இல்லாத ஊர்களிலும் இருக்கின்றன. அங்கெல்லாம் கடற்படை என்றால் அந்தச் சின்னக் கட்டடம்தான். அதனால் இறந்துபோன முன்னாள் மாலுமிகளுக்கு இறுதி மரியாதை செய்யும் பொறுப்பும் அங்கே உள்ளவர்கள் மேல் விழுகிறது. சட்டப்படி சீருடையில் குறைந்தது இரண்டு பேர், அவர்களில் ஒருவராவது இறந்தவர் பணியாற்றிய படையைச் சேர்ந்தவர். ஊதுகுழல் இசை, கொடியை மடித்துக் குடும்பத்திடம் கொடுத்தல். சவப்பெட்டிக் கொடி 5 அடிக்கு 9½ அடி. இரண்டு பேர் மட்டும் மடிக்கும்போது நடுவில் தொய்யும். கடைசியில் முக்கோணத்தில் நீலமும் நட்சத்திரங்களும் மட்டுமே தெரிய வேண்டும், சிவப்பு துளியும் வெளியே தெரியக் கூடாது. முதல் மடிப்பில் அரை அங்குலம் விலகினால் கடைசி மடிப்பில் சிவப்பு எட்டிப் பார்க்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது பழகியே ஆக வேண்டும், காற்றடிக்கும் மைதானத்தில். ஊதுபவர் கிடைக்காத இடங்களில் உள்ளே ஒலிக்கருவி பொருத்திய ஊதுகுழல் பயன்படும். மாற்று பேட்டரி எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். அந்தக் குடும்பத்துக்கு இது ஒரே ஒரு முறைதான் நடக்கும். இந்த வேலையில் இதைவிடப் பெரிய கடமை எதுவும் இல்லை என்றே சொல்வோம்.

டார் என்றால் அலுவலக வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். விமானப் பிரிவுகளில் டார் மாலுமிகள்தான் வாரநாட்களின் முதுகெலும்பு. ரிசர்வின் போக்குவரத்துப் படைப்பிரிவுகள் ஓட்டும் சி-40ஏ, போயிங் 737-700 வகையைச் சேர்ந்தது. 121 பயணிகளையோ எட்டு சரக்குத் தட்டுகளையோ ஏற்றும். அதை ஓட்ட வரும் ரிசர்வ் விமானிகள் பலர் வெளியே விமான நிறுவனங்களில் பறப்பவர்கள். அவர்கள் வந்து ஏறும்போது விமானம் தயாராக இருப்பது, திங்கள் முதல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் முழுநேர மெக்கானிக்குகளால். இது தவிரக் கப்பல் பணியும் டார் மாலுமிக்கு உண்டு.

சேர நினைப்பவர்கள் வீட்டில் பேச வேண்டியவை சில. டிரில் வார இறுதிகளில் லீவு கிடையாது. பதிலுக்கு வாரநாளில் விடுப்பு வரும், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நாளில். சுமார் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் மாற்றம். உள்நாட்டு ஊரில் பக்கத்தில் இராணுவ மருத்துவமனை இருக்காது. வெளி மருத்துவர்களை ஏற்றுக்கொள்ளும் தொலைதூரத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், போய்ச் சேர்ந்த முதல் வாரமே. பதவி உயர்வில் டார் மாலுமிகள் தங்களுக்குள்ளேயே போட்டியிடுகிறார்கள். பிரிவு சிறியதாக இருந்தால் ஒரு சுற்றில் காலியிடம் விரல்விட்டு எண்ணும்படி இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. 2018 முதல் சேர்ந்தவர்களுக்கு 20 ஆண்டு ஓய்வூதியம் அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம். சேமிப்புத் திட்டத்தில் 5 சதவீதம் போட்டால்தான் அரசின் முழுப் பங்கும் கிடைக்கும். முதல் மாதத்திலிருந்தே போடுங்கள்.

நேரடியாகச் சேரலாம்; வழக்கமான கடற்படையிலிருந்தோ ரிசர்விலிருந்தோ தேர்வுக் குழு வழியாக மாறியும் வரலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் மாலுமியாகச் சேர முடியும். அதிகாரியாக வரவும், பாதுகாப்பு அனுமதி கேட்கும் பணிகளுக்கும் குடியுரிமை வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் எந்தப் பணிப்பிரிவு என்று எழுதியிருக்கிறது, டார் என்ற சொல் அதில் இருக்கிறதா என்ற இரண்டையும் நீங்களே படித்துப் பாருங்கள். மாத டிரில் ரிசர்வும் முழுநேர டாரும் பேச்சில் எளிதாகக் குழம்பும். தாளில் இருப்பதுதான் செல்லும்.